குழல்வாயின் குறுக்கம்

ஒன்றைக் கூட்டுதற்கும் ஒன்றைக் குறைத்தற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. கூட்டியதைப் பின்னர்க் கழித்துவிடலாம். கழித்ததை மீண்டும் கூட்டுதல் எல்லாப் பொருளிலும் இயலுவதன்று. ஏடும் எழுத்தாணியும் பற்றி நாள்தோறும் வகுப்பறையில் பேசும் யாம், இவ்வுண்மையை எம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்துவரும் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வாயிலாகவும் உணர்ந்தோம்.

அது பர்மிங்காம் நகரில் செய்யப்பட்ட பன்னிரண்டு போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலில் பொருந்துமோ, அதுவே பன்னிரண்டு போர். குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எம் பாட்டனார் வாங்கிய அத்துப்பாக்கியை 1960-களில் ஏந்தியவர் எம் பெரியவாப்பா. குளக்கரைகளில் தாராவும் உள்ளானும் வேட்டையாடிய கதைகளை அவர் இன்றும் சுவைபடச் சொல்வார்.

இரு குழல்களும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். உள்ளமைப்போ வேறு. வலக்குழல் வாய்வரை பெரும்பாலும் ஒரே அளவாகச் செல்கிறது. இடக்குழல் வாயருகே சற்றே குறுகுகிறது. அக்குறுக்கத்தையே ‘சோக்’ என்பர். முழுச் சோக் எனப்படுவதிலும் குறுக்கம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஆயினும் அதன் விளைவு பெரிது. 40 கெஜத் தொலைவில் 30 அங்குல வட்டம் ஒன்றை வரைந்து சுட்டால், குறுக்கமே இல்லாத குழல் நூற்றுக்கு 40 ரவைகளை அவ்வட்டத்துள் சேர்க்கும். அரைச் சோக் 60-ஐயும், முழுச் சோக் 70-ஐயும் சேர்க்கும். நியூகாசில் நகரத்துப் பேப் என்பார் 1866-இல் பெற்ற காப்புரிமையில் இக்கருத்து இடம்பெற்றது. 1875-இல் இலண்டனில் நடந்த துப்பாக்கித் தேர்வுகளில் பர்மிங்காம் கிரீனரின் துப்பாக்கிகள் வென்றபின் அது உலகெங்கும் பரவியது.

எழும் பறவை முதலில் அண்மையில் இருக்கும், அதற்கு வலக்குழல். தப்பி விலகிய பறவை தொலைவில் இருக்கும், அதற்கு இடக்குழல். இதுவே அவ்வமைப்பின் நுட்பம். அண்மையில் பறக்கும் பறவையைக் குறுகிய குழலால் சுட்டால் அது சிதைந்துவிடும். பெரியவாப்பா உயிரோடு கைக்கு வந்து, பிஸ்மில்லாஹ் கூறி அறுக்கப்பட்ட பறவையை மட்டுமே இல்லத்துக்குக் கொணர்வார். ஆகவே எக்குழலை எப்போது இயக்குவது என்பது அவருக்குக் குறிபார்க்கும் திறனளவில் நின்றுவிடவில்லை. உணவு ஆகுமா ஆகாதா என்பதும் அதில் அடங்கியிருந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமம் பெற்று விளையாட்டாகப் பறவை வேட்டையாடும் வழியையும் அடைத்தது. அது நன்றே. சுடப்பட்ட உயிரும் மீளாப் பொருள்களுள் ஒன்றன்றோ! சிறுவயதில் மஞ்சள் கழுத்துச் சிட்டு ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, அஃது என்ன பறவை என்றறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறிய சாலிம் அலி அவர்களே, பின்னாளில் இந்தியப் பறவையியலின் பேராசானாக விளங்கினார்.

பெரியவாப்பா முதுமை கருதி, உரிமத்தை முறைப்படி தம் பேரன் பெயருக்கு மாற்றித் தந்தார். அவன் சுடுபயிற்சிக் கழக உறுப்பினன்; வானில் எறியப்படும் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டியில் ஆர்வலன். அங்கே தட்டுகள் பெரும்பாலும் 20 கெஜ அளவில் கடக்கின்றன. அத்தொலைவில் முழுச் சோக்கின் ரவைக்கூட்டம் ஏறத்தாழ ஒன்றரை அடியே விரியும். போதாக்குறைக்கு, 1960-களுக்குப்பின் தோட்டாவினுள் வந்த பிளாஸ்டிக் கிண்ணம் ரவைகளை மேலும் நெருக்கிவிடுகிறது. “சாச்சா, இடக்குழலைக் கடைந்து அகலமாக்கிவிட்டால் தீர்ந்தது. உரிமம் பெற்ற பட்டறையில் அரைநாள் வேலை என்கிறார்கள். நீங்கள்தாம் பெரியவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்” என்றான்.

அவன் வேண்டுகோளில் நியாயம் இருந்தது. பயன்படாத பொருள் அலமாரியில் துருவேறுவதினும், உருமாறியேனும் பயன்படுவது மேலன்றோ? யாம் பெரியவாப்பாவிடம் சொன்னோம். அவர் சினக்கவில்லை. “பொருள் இனி அவனுடையது. ஆனால் கடைவதற்குமுன் காகிதத்தில் சுட்டு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்” என்றார்.

அவ்வாறே செய்தான். கழகத்தின் சுடுதளத்தில் பெரிய காகிதங்களை நிறுத்தி, குழலுக்குக் குழல், தோட்டாவுக்குத் தோட்டா சுட்டுத் துளைகளை எண்ணினான். அதற்கு முன்னரே தோட்டா அறையை அளக்கச் செய்தான். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் அவ்வறை 2½ அங்குலத் தோட்டாவுக்கு உரியது. 2¾ அங்குலத் தோட்டாவை அதில் இடுதல் ஆபத்து. குழற்சுவரின் கனமும் அளக்கப்பட்டது. கழற்றி மாட்டும் சோக்குக்கு மரை வெட்ட அச்சுவர் இடந்தராது எனப் பட்டறையார் கைவிரித்தனர். கடைவது ஒன்றே எஞ்சிய வழி.

காகிதம் வேறொரு வழியையும் காட்டியது. பிளாஸ்டிக் கிண்ணம் இல்லாத, நாரடைப்பு வைத்த தோட்டாவை இட்டபோது இடக்குழலின் ரவைகள் முன்னினும் விரிந்தன. கடைந்த குழல் அளவுக்கு விரியவில்லை என்பதும் உண்மையே. சில தட்டுகள் தப்பத்தான் செய்யும். அவன் இரண்டு நாள் எண்ணினான். துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கையில், இடக்குழலின் அடியில் மெய்ப்புச் சாலையார் பொறித்த ‘சோக்’ என்னும் ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டதாம். “கடைந்துவிட்டால் இந்தச் சொல் பொய்யாகிவிடும் சாச்சா” என்று கூறி, கடையும் எண்ணத்தை விடுத்தான்.

அச்சொல் எம்மை நெடுநேரம் ஆட்கொண்டது. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏடுகளில் கண்ட பாடவேறுபாடுகளையும் காட்டிச் சென்றார். தமக்குப் பொருந்தாது எனத் தோன்றிய பாடத்தை அவர் துடைத்தெறிந்திருந்தால், பின்வந்தோர் ஆராய்வதற்கு என்ன எஞ்சியிருக்கும்? இன்றைய தேவைக்கு இடையூறாகத் தோன்றும் குறுக்கம், ஒருவர் அறிந்தே வைத்த அளவாக இருத்தல் கூடும்.

பழையன எல்லாம் மாறாதிருத்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. கடைந்தே ஆகவேண்டிய குழல்களும் உண்டு. மாணாக்கச் செல்வங்களே, மரபாக வந்த நூலாயினும், வீடாயினும், வழக்கமாயினும், அதில் கைவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவ்வுரிமையைச் செலுத்துமுன் அளந்து பாருங்கள். மாற்றாமலே பயன்கொள்ளும் வழி உண்டா எனத் தேடுங்கள். பெரியோர்களே, தடுப்பதினும் எண்ணிப் பார்க்கச் சொல்வது இளையோரிடம் நன்கு பலிக்கிறது.