ஷர்லி ஹார்ன் வீட்டோடு இருந்த ஆண்டுகள்

ஷர்லி ஹார்ன் என்றால் ஜாஸ் கேட்பவர்கள் பலருக்கும் 1992இல் வந்த 'ஹியர்ஸ் டு லைஃப்' தொகுப்புதான் நினைவுக்கு வரும். எனக்கும் அவர் அறிமுகமானது அதில்தான். ஐம்பத்தெட்டு வயதுக் குரல். ஒரு சொல்லைப் பாடிவிட்டு அடுத்த சொல்லுக்கு நம்மை அப்படியே காக்கவைக்கும் பாட்டு. இந்த நிதானம் வயது கொடுத்தது, வாழ்க்கை கொடுத்தது என்றே நானும் நம்பியிருந்தேன்.

பிறகுதான் 1960இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டு 'எம்பர்ஸ் அண்ட் ஆஷஸ்' கைக்குக் கிடைத்தது. ஒரு சின்னக் கம்பெனி போட்டது, பரவலாக விற்கவில்லை. ஆனால் அதைக் கேட்டவர்களில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஒருவர். வாஷிங்டனில் இருந்த இந்தப் பெண்ணை நியூயார்க்குக்கு வரவழைத்து, வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் தன் கச்சேரிக்கு முன்னால் பாடவைத்தார்.

அந்தத் தட்டில் பில்லி ஹாலிடேயின் 'காட் பிளெஸ் த சைல்ட்' இருக்கிறது. ஹாலிடே காலமானது 1959இல். அந்த நிழல் இன்னும் கலையாத நேரத்தில், ஹாலிடேயின் சாயல் ஒட்டாமல், தன் போக்கில் பாடுகிறார் ஹார்ன். பியானோவும் அவருடையதுதான். குரல் நிற்கும் இடத்தில் விரல் என்ன செய்ய வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை ஒரே மனம் முடிவு செய்கிறது. வீணை தனம்மாள் வாசித்துக்கொண்டே பாடியதைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1963இல் மெர்குரி கம்பெனிக்காக அவர் பாடிய தட்டுகளில் பியானோ வேறு கைகளுக்குப் போயிற்று. நல்ல தட்டுகள்தான், ஆனாலும் அந்தக் காத்திருப்பு குறைகிறது.

அதன்பின் நெடுங்காலம் அவர் வாஷிங்டனை விட்டு அதிகம் நகரவில்லை. சின்ன மகள் இருந்தாள். ஹார்னைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டி, 1987இல் வெர்வ் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

நானும் மேடையை விட்டவள். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் கச்சேரிகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மார்கழி பிறந்தால் சபா விளம்பரங்களில் கூடப் படித்தவர்களின் பெயர்களைத் தேடித்தேடிப் பார்ப்பேன். வயிறு எரியும். வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. எரிச்சலைவிடப் பெரியது பயம்: என்னிடம் இருந்தது இதற்குள் போயிருக்குமோ என்ற பயம்.

அதனால்தான் 1960ஆம் ஆண்டுத் தட்டையும் 1987க்குப் பின் வந்தவற்றையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். குரல் தடித்திருக்கிறது, காலம் இன்னும் விளம்பமாகியிருக்கிறது. ஆனால் அவசரப்படாத அந்த மனம் இருபத்தாறு வயதிலேயே முழுசாக இருந்திருக்கிறது. சவுக்க காலத்தில் பாடிப் பழகியவர்களுக்குத் தெரியும், துரித காலத்தைவிட அதற்குத்தான் மூச்சும் லயமும் அதிகம் வேண்டும். வீட்டோடு இருந்த ஆண்டுகள் அதை அவரிடமிருந்து பறிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் வாசிக்காமலும் இல்லை. ஊருக்குள்ளேயே கிளப்புகளில் வாசித்தார். பேஸ் வாசித்த சார்ல்ஸ் ஏபிள்ஸ், டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் வில்லியம்ஸ் என்று இரண்டு பேர் பல்லாண்டு அவரோடு நிலைத்தார்கள். அத்தனை மெதுவான பாட்டைத் தாங்கிப் பிடிக்க அப்படிப்பட்ட துணை வேண்டும். 1990இல் 'யு வோன்ட் ஃபர்கெட் மீ' பதிவுக்கு மைல்ஸ் டேவிஸ் தாமே வந்து டிரம்பெட் வாசித்தார். மறு வருஷம் அவர் போய்விட்டார்.

இந்த வருஷம் ஒரு சின்ன கச்சேரிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு பதம் வைத்திருக்கிறேன், முழுக்க விளம்ப காலத்தில். மிருதங்கக்காரரைப் பற்றி ஏற்பாடு செய்பவர்கள் கேட்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: நான் நிறுத்தும் இடத்தில் அவரும் நிற்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.