யார் வெல்வார்?

ஆக்கி எனும் வளைகோற் பந்தாட்டத்தில் பற்றுடையோர், பருவம் தொடங்குமுன்பே கோப்பையை வழங்கிவிடுவர். ஏழாண்டு இடைவெளிக்குப் பின், 2024 டிசம்பர் 28இல் ஆக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கவிருந்தபோது, ஈஜிபுராவில் எங்கள் நண்பர் குழுவும் அதையே செய்தது.

“ஹர்மன்பிரீத் சிங்கை 78 இலட்சம் கொடுத்து ஏலம் எடுத்த சூர்மாவே வெல்லும்” என்றார் ஒருவர். “கோல் போட ஒருவர் போதும், கோப்பை வெல்லப் பதினொருவர் வேண்டாவோ?” என்று மடக்கினார் மற்றொருவர். அரியலூர் தந்த கார்த்தி செல்வம் ஆடும் தமிழ்நாடு டிராகன்சுக்கே என் வாக்கு. அறிவு சொன்ன கணிப்பன்று அது, அன்பு சொன்னது.

கன்னட நண்பர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “நம் ஊர் அணி எது?”

வாயடைத்துப் போனோம். எட்டு ஆடவர் அணிகளுள் பெங்களூருவின் பெயரில் ஒன்றுமில்லை! இந்திய அணி பயிற்சி பெறுவது இந்நகரில்தான். 2005இல் பிறந்த பிரிமியர் ஆக்கி லீக்கில் இந்நகருக்கும் ஓர் அணி இருந்தது. இன்று பிறர் அணிக்குக் கைதட்டும் ஊராகிவிட்டது.

2025 பிப்ரவரி 1இல் கோப்பையை வென்றது பெங்கால் டைகர்ஸ். எங்கள் கணிப்புகள் யாவும் பொய்த்தன; அது பெரிதன்று. தன் ஊர் அணியைக் காணாத சிறுவன் எதை நம்பி வளைகோல் ஏந்துவான்?

தோழர்களே! தமிழ்நாட்டை வாழ்த்துவோம், நம்மை வாழவைக்கும் ஊருக்கும் ஓர் அணி கேட்போம். அக்கித்திம்மனஹள்ளி ஆக்கி அரங்கம் நமக்குத் தொலைவன்று. உள்ளூர் ஆட்டம் நடக்கும் நாளில் அங்கே சென்று அமர்வோம். பார்ப்போர் இருந்தால்தானே அணி பிறக்கும்!