தாத்தா சுமந்த சீட்டு

போன பொங்கலுக்கு வீட்டை ஒழிச்சப்போ பரண்ல இருந்து தாத்தாவோட ட்ரங்குப் பெட்டியை இறக்கினேன். உள்ளே ஒரு வெள்ளைக் கோட்டு, அதுக்கடியில துணியில சுத்தின ஒரு கட்டு காகிதம்.

தாத்தா ஆவடியில ராணுவ அதிகாரிங்க வீட்ல பட்லரா இருந்தவர். அதிகாரிக்கு மாற்றல் வந்தா, "இவனை வேலைக்கு வச்சுக்கலாம்"னு இன்னொரு அதிகாரிக்குக் கடிதம் எழுதி இவர் கையிலேயே குடுத்து அனுப்புவாராம். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். அதுக்குப் பேரு 'சிட்'. 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே 'வேலைக்காரனுக்குத் தர்ற சான்று'ன்னு அதுக்கு ஒரு அர்த்தம் போட்டிருக்கு. அடுத்தவன் சிட்டைக் காட்டி வேலையில சேர்ந்த கில்லாடிங்களும் உண்டு :-)

தாத்தாவுக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. "துரை என்னைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்காருடா"ன்னு பெருமையா சொல்வார். (துரைங்க எல்லாம் நம்ம ஊர் ஆளுங்கதான். சுதந்திரம் வந்தும் தாத்தா பட்டத்தை மாத்தல.)

அந்த ரெண்டு பக்கத்தை இப்போதான் படிச்சேன். 1958, ஒரு கேப்டன் ஒரு மேஜருக்கு எழுதினது. முதல் பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. சூப் பிரமாதம், குடிக்க மாட்டான், வெள்ளி ஸ்பூன் ஒண்ணு கூட குறைஞ்சதில்லை. ரெண்டாம் பக்கம் இப்படி: "நான் 45 ரூபாய் தர்றேன். நீங்க 40ல ஆரம்பிங்க, ஒத்துக்குவான், பெரிய குடும்பம். லீவு கேட்டா முதல் தடவையே மறுத்துடுங்க, மறுபடி கேக்க மாட்டான்."

மேஜர் படிச்சுட்டு, "பத்திரமா வச்சுக்கோ"ன்னு திருப்பிக் குடுத்திருக்கார் போல. தாத்தாவும் பத்திரமாத்தான் வச்சிருந்தார்.

அத்தை ஒருத்தி மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. தாத்தா ரெண்டு நாள் கழிச்சுதான் வந்தாராம், பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன். எந்த வருஷம்னு நான் கேட்டு வைக்கல.

2008ல நாடாளுமன்ற நிலைக்குழு, அதிகாரிங்களுக்கு உதவியாளா சிப்பாய்களை வைக்கிற 'சகாயக்' முறையை ஒழிக்கச் சொல்லுச்சு. தாத்தா சிப்பாய் இல்லை, அந்தக் கணக்குல வர மாட்டார்.

நான் வேலை பாக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட்ல. போன வாரம் ஒடிசா பையன் ஒருத்தன் பழைய காண்ட்ராக்டர் குடுத்த இங்கிலீஷ் கடிதத்தை நீட்டினான். "சார், நல்லா எழுதியிருக்காரா?"ன்னு அரைகுறைத் தமிழ்ல கேட்டான்.

அவனைப் பக்கத்துல உக்கார வச்சு, எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில ஒவ்வொரு வரியா சொன்னேன். சம்பளத்தைப் பத்தி கீழே ஒரு வரி இருந்துச்சு. அதையும்.