நாற்பத்து மூன்றாம் வசனத்துக்கு முன்னால்

கத்தோலிக்கர்களுக்கு பைபிள் தெரியாது என்ற பேச்சைக் கேட்டே நான் வளர்ந்தேன். தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரைக்காரன் நான். கொஞ்சம் உள்ளே போனால் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று சி.எஸ்.ஐ. சபைகள் வேரூன்றிய ஊர்கள். அங்கிருந்து வந்து என்னோடு படித்த பையன்கள் சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள். அதிகாரமும் எண்ணும் பிசகாமல் சொல்வார்கள். எங்களுக்குக் கதைகள் தெரியும், செபங்கள் தெரியும், பூசையில் எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியும். எண்கள் தெரியாது. எங்கள் வீட்டு பைபிள் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருந்தது. தூசி தட்டி வைப்போம். எடுத்து வாசித்தது அபூர்வம்.

அந்தப் பேச்சில் உண்மையும் உண்டு. திரெந்து சங்கத்தைத் தொடர்ந்து 1564இல் ரோம் வெளியிட்ட தடைநூல் விதிகள், மக்கள் மொழியில் பைபிள் வாசிக்க ஆயர் போன்றோரின் அனுமதி வேண்டும் என்றன. பிறகு அது தளர்ந்தது. ஆனாலும் ‘வேதத்தைச் சாமியார் வாசிப்பார், நாம் கேட்போம்’ என்ற பழக்கம் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது. 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசிகள் எல்லோருக்கும் வேதநூல் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று ஏடெழுதிச் சொன்னது. எங்கள் வீட்டு அலமாரி வரைக்கும் அது வந்துசேரப் பல காலம் ஆனது.

வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் எனக்கு அமைந்த நெருங்கிய நண்பன் நாசரேத் பக்கத்துக்காரன். மதியச் சாப்பாடு எங்களுக்கு ஒன்றாகத்தான். செபமாலை, புனிதர்கள், இறந்தவர்களுக்கான பூசை என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ஒரே கேள்வி கேட்பான்: “அது வேதத்துல எங்க இருக்கு வே?” அவன் அறிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்கோ அது என் அம்மாவையும் ஆச்சியையும் படிக்காதவர்கள் என்று சொல்வதுபோலக் கேட்டது. பதில் சொல்லத் தெரியாமல் தலை குனிந்த அந்த மதியங்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன.

அதனால் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு ஒன்று வாங்கினேன். கத்தோலிக்கப் பதிப்பு, 73 நூல்கள். சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். திருச்சபை பாறைமேல் கட்டப்படுவதற்கு மத்தேயு 16:18. செயல்களின்றி விசுவாசம் மட்டும் போதாது என்பதற்கு யாக்கோபு 2:24. மரபைக் கைவிடாதிருக்க 2 தெசலோனிக்கர் 2:15. ஒவ்வொன்றையும் கோடிட்டு, எண்ணை மனப்பாடம் செய்தேன். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. வசனம் கையில் கிடைத்தால் எனக்குப் போதும்.

வரலாறும் சேகரித்தேன். வேதத்தை மக்கள் கையில் கொடுத்தவர் லூத்தர்தான் என்று அவன் சொன்னபோது, அவர் பிறப்பதற்கு முன்பே, 1466இல், ஸ்திராஸ்பூர்கில் மெந்தெலின் ஜெர்மன் பைபிளை அச்சிட்டுவிட்டார் என்றேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் முடித்ததை அவன் பெருமையாகச் சொன்னான். தமிழில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இலேயே வந்த எங்கள் புத்தகம் என்றேன். அது மறைக்கல்விச் சுவடிதானே, பைபிள் இல்லையே என்று அவன் திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடி லுத்தரன்களுக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஏட்டுச் சண்டையை நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தொடர்ந்தோம். அந்த நாட்களை நான் இன்றும் மதிக்கிறேன். அவனால்தான் நான் பைபிளைத் திறந்தேன்.

என் கையில் இருந்ததிலேயே பெரிய துருப்பு மக்கபேயர் இரண்டாம் நூல். இறந்தவர்களுக்காக மன்றாடுவது அதில் வெளிப்படையாக இருக்கிறது, 12ஆம் அதிகாரத்தில். அவனுடைய வேதாகமத்தில் 66 நூல்கள்தான், அதில் மக்கபேயர் கிடையாது. லூத்தர் 1534இல் வெளியிட்ட முழு பைபிளில், வேதத்துக்குச் சமமல்ல, வாசிக்க நல்லது என்று சொல்லி அதை இரு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்திருந்தார். 1611இல் வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பிலும் அது இருந்தது. 1826இல்தான் பிரிட்டிஷ் வெளிநாட்டு வேதாகமச் சங்கம் இனி மக்கபேயர் போன்ற நூல்களுக்குப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. இதையெல்லாம் அடுக்கிச் சொன்னபோது நண்பன் அமைதியாகக் கேட்டுக்கொண்டான். வென்றுவிட்டதாக நினைத்தேன்.

பிறகு அவனுடைய அப்பா இறந்தார். ஒரு வீட்டு விவகாரத்தில் அப்பாவும் மகனும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். சமாதானம் ஆகும் முன் அவர் போய்விட்டார். அடக்க ஆராதனைக்கு நானும் போயிருந்தேன். காரியமெல்லாம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய சில நாளில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான்.

“அப்பாட்ட ஒரு வார்த்தை பேசாமலே விட்டுட்டேன் வே. அவருக்காக ஜெபிக்கணும்னு இருக்கு. எங்க சபையில அதுக்கு வழி இல்ல. என்ன செய்யன்னு தெரியல.”

நான் சொன்னது இது: “இதுக்குத்தான் மக்கபேயர் வேணும்னு அன்னைக்கே சொன்னேன். தூக்கிப் போட்டது நீங்கதானே? 12ஆம் அதிகாரம், 43ஆம் வசனம். போய் வாசிச்சுப் பாரு.”

எண்ணில் பிழை இல்லை. அவன் என்னைப் பார்த்தான். டிபன் பாக்ஸை மூடினான், எழுந்து போய்க் கை கழுவினான். மறுநாள் வேறு மேசையில் உட்கார்ந்தான். அப்பாவின் சாவுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஆண்டு கல்லறைத் திருநாள் பூசையில் முதல் வாசகம் வாசிக்க என்னைச் சொன்னார்கள். வாசகம் 2 மக்கபேயர் 12:43 முதல் 46 வரை. முந்திய இரவு பழகிப் பார்க்க உட்கார்ந்தேன். யூதப் படைத்தலைவர் யூதா பணம் திரட்டி, இரண்டாயிரம் திராக்மா வெள்ளியைப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார். சபையில் வாசிக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்தபோதுதான், இறந்தவர்கள் யார் என்பதே எனக்குத் தெரியாது என்று உறைத்தது. எத்தனையோ முறை நண்பன் முகத்துக்கு நேரே நீட்டிய வசனம். யாருக்காக அந்தப் பலி என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

கோர்கியாவோடு போர். யூதாவின் ஆட்கள் சிலர் விழுகிறார்கள். ஓய்வுநாள் கழிந்ததும், உடல்களை எடுத்து அவரவர் மூதாதையரின் கல்லறையில் அடக்கம் செய்யத் தோழர்கள் போகிறார்கள். செத்தவர்களின் உள்ளாடைக்குள் கை வைத்தால், ஒவ்வொருவரிடமும் யாம்னியா ஊர்த் தெய்வங்களின் தாயத்து. யூதருக்குச் சட்டம் விலக்கிய பொருள். கூடவே நின்று போரிட்டவன், தோழர்களுக்குத் தெரியாமல் அதை மார்பில் கட்டியிருந்திருக்கிறான். ஏன் செத்தான் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யார் பக்கம் நியாயம் என்பதும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததை நான் மெதுவாக வாசித்தேன். மறைந்திருப்பதை வெளிப்படுத்தும் ஆண்டவரைப் போற்றுகிறார்கள். உடனே மன்றாட்டில் இறங்குகிறார்கள். இந்தப் பாவம் முற்றிலும் துடைக்கப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். தவறியவனை அப்படியே விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் என்னுடைய 43ஆம் வசனம். அப்பாவோடு பேசாமல் போன ஒரு மகன் என் முன்னால் உட்கார்ந்து கேட்டது இதைத்தான். அவனுக்கு அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டியிருக்கலாம். அங்கேயே கண்ணை மூடி அவன் அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லியிருக்கலாம். அந்தச் செபத்தில் எங்கள் இரு சபைக்கும் சண்டை கிடையாது. நான் எண்ணைச் சொன்னேன்.

அவனுக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பதில் வந்தது, மரியாதையான பதில். “வே” என்று அழைத்தவன் அதில் என்னை “சார்” என்று எழுதியிருந்தான். இன்றும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம். விவாதம் நின்றுபோனது. அதோடு மற்றப் பேச்சும் நின்றுபோனது.

என் சபையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. பூசை வாசகங்களை ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுற்றாக அழகாக வகுத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பூசைக்குப் போகிறவர் கேட்கிற பைபிள் குறைவே இல்லை. ஆனால் இறந்தோர் பூசைக்கு இந்தப் பகுதியை 43இல் தொடங்கி வாசிக்கும்போது தாயத்து விடுபட்டுப் போகிறது. அது இல்லாமல் அந்த மன்றாட்டின் கனம் தெரிவதில்லை. இந்த விஷயத்தில் நண்பனின் சபை சொல்வதே சரி: புத்தகத்தை வீட்டில், நம் கையில் வைத்து வாசிக்க வேண்டும்.

புராட்டஸ்டன்ட் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம் மக்கபேயர் இரண்டாம் நூலை ஒரு நாள் கடன் வாங்குங்கள். அதை வேதம் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கத்தோலிக்க வாசகர்களே, அவர் கேட்டால் எண்ணைச் சொல்லி அனுப்பாமல், கூட உட்கார்ந்து வாசியுங்கள். 12ஆம் அதிகாரம். 32ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.