பிசின் மணம்

வழிகாட்டிப் பெண் தன் தடித்த கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக நின்ற பால்சம் ஃபிர் மரத்தின் பட்டையில் அம்மைக் கொப்புளம் போலப் புடைத்திருந்த ஒன்றை நகத்தால் கீறினாள், உள்ளிருந்து தெளிந்த பிசின் துளியொன்று வெளிவந்தது, மைனஸ் 15 பாகைக் குளிரில் வழிந்து இறங்க அதற்குத் தெம்பில்லை, பட்டையிலேயே தங்கி நின்றது. மணந்து பாருங்கள் என்று விரலை நீட்டினாள். அதுவரை அந்தக் காட்டில் எனக்கு மணம் என்று எதுவும் கிடைத்திருக்கவில்லை, மூக்கு மயிர் விறைத்து, விட்ட மூச்சு கழுத்துச் சால்வையில் வெண்படலமாகப் படிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு துளி மட்டும் எலுமிச்சைத் தோலும் பெயின்ற் கரைக்கும் தைலமும் கலந்த காரத்தோடு உள்ளே ஏறியது, ஏறிய கையோடு அது எனக்குப் பழக்கமான மணம் என்று தெரிந்துவிட்டது, எங்கே என்பதுதான் உடனே பிடிபடவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் உயர்தரம் படித்த பள்ளிக்கூடத்தின் விலங்கியல் ஆய்வுகூடத்தில், கிழக்கு ஜன்னலோரம் ஒரு நீள மேசை கிடந்தது, காலை வெயில் அதன்மேல் சாய்ந்து விழும், அந்த வெயிலில்தான் ஆய்வுகூட உதவியாளர் ஐயா கண்ணாடித் தகடுகளைக் காயவைப்பார். மேசை மூலையில் கபில நிறக் குட்டிப் போத்தல் ஒன்று, அதில் ஒட்டிய சீட்டில் கனடா பால்சம் என்று இருக்கும், கனடா என்கிற பெயரை நான் தேசப்படத்துக்கு வெளியே முதலில் வாசித்தது அதில்தான், எங்களில் இத்தனை பேர் ஊரைவிட்டு அங்கே போய்ச் சேருவோம் என்று அந்த ஆய்வுகூடத்தில் எவருக்கும் தோன்றியிருக்காது. ஐயாவுக்கு அப்போதே அறுபதை நெருங்கியிருக்கும், வெள்ளை வேட்டி, முழங்கைவரை மடித்த சட்டை, வேலை தொடங்குமுன் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவுவார், மண்புழுவின் குறுக்குவெட்டை வைத்த தகட்டில் கண்ணாடிக் கோலால் ஒரு சொட்டுப் பிசின் விட்டு, மூடுகண்ணாடியின் ஒரு ஓரத்தை ஊன்றி, மறு ஓரத்தை ஊசிமுனையில் தாங்கி, தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு, காற்றுக் குமிழி ஒன்றும் அகப்படாதபடி மெல்ல மெல்லச் சாய்ப்பார். ஒளியை வளைப்பதில் இந்தப் பிசின் கண்ணாடிக்கு மிக நெருங்கியது, அதனால் நடுவில் பிசின் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, புழுவின் திசு மட்டும் தெரியும், உருப்பெருக்கிகளின் வில்லைகளைக்கூட நெடுங்காலம் இதைக் கொண்டுதான் ஒட்டினார்கள். ஐயா இதையெல்லாம் ஒரு நாளும் விளக்கியதில்லை, "பொறுத்துச் செய் தம்பி, இது எங்களுக்குப் பிறகும் இருக்கும்" என்பதோடு அவருடைய பாடம் முடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் அதே குறுக்குவெட்டைத் திரையில் இரண்டு விரலால் அகட்டிப் பார்க்கிறார்கள், தெளிவாகத்தான் இருக்கிறது, கைக்கும் மூக்குக்கும்தான் அங்கே வேலையில்லை.

"அப்பா, வாங்கோ, எல்லாரும் முன்னுக்குப் போட்டினம்" என்று மகள் கூப்பிட்டாள், இந்த நடையை ஏற்பாடு செய்து என்னை இழுத்து வந்தவள் அவள்தான். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது அல்கோன்குயின் காடு, 1893இல் பூங்காவாக அறிவித்து வேலியில்லாமல் விட்டுவைத்த இடம், 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல், யாழ்ப்பாணக் குடாநாட்டை அதற்குள் ஏழு தரம் வைக்கலாம், அதன் தெற்கோரத்தை அறுத்துக்கொண்டு 60ஆம் இலக்க நெடுஞ்சாலை ஓடுகிறது, அந்தச் சாலையோரத்துச் சதுப்பு ஒன்றின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பலகையெல்லாம் பனிக்குள், நாங்கள் மிதித்த இடமெல்லாம் கிறீச்சிட்டது. முயல் தாவிய தடத்தை வழிகாட்டிப் பெண் குனிந்து காட்டினாள், முன்னால் பதிந்திருந்த பெரிய பாதங்கள் இரண்டும் பின்னங்கால்கள், பின்னால் இருந்த சிறியவைதான் முன்னங்கால்கள், தாவும்போது பின்னங்கால் முன்னதைத் தாண்டிப் போய் ஊன்றுகிறது, பார்த்துக்கொண்டே நின்றால்தான் அது கண்ணுக்குப் பிடிபடுகிறது. நாங்கள் நிற்கும் பனிக்கடியில், மண்ணோடு ஒட்டிய இடத்தில், வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் பூச்சியப் பாகையை ஒட்டியே வெப்பம் நிற்கும் என்றும், எலிகள் அங்கே சுரங்கம் போட்டு மாரி முழுக்க நடமாடும் என்றும், நரி அந்த நடமாட்டத்தைக் காதால் கேட்டே பாயும் என்றும் சொன்னாள்.

பிறகு கறுப்பு ஸ்புரூஸ் மரங்களுக்குள் நுழைந்தோம், ஒடுங்கி உயர்ந்த மரங்கள், உச்சியில் காய்கள் திரண்ட கொத்து, அதற்குக் கீழே அணில்கள் கிளை நறுக்கிய வெறுங்கழுத்து, பத்து மணி வெயிலும் அங்கே நீலமாகத்தான் விழுந்தது. இந்த மரத்துப் பிசினைக் கொழுப்போடும் கரித்தூளோடும் சேர்த்துக் காய்ச்சி, பேர்ச் மரப்பட்டையால் செய்த ஓடங்களின் பொருத்துகளில் அல்கோன்குயின் மக்கள் பூசினார்கள், அந்தப் பட்டையைத் தைத்த நூலும் இதே மரத்தின் வேர்தான் என்று அவள் சொன்னபோது, நான் இரண்டாம் தரம் காட்டைவிட்டுப் போய்விட்டேன்.

வல்வெட்டித்துறையில் அம்மாவின் தகப்பன், எங்களுக்கு அப்பு, வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வள்ளத்தைக் கரைக்கு ஏற்றிக் கவிழ்த்துப்போட்டுக் கலப்பத்துப் பார்ப்பார். பலகைகளின் நடுவே பஞ்சுத் திரியை உளியால் தட்டித் தட்டி இறுக்குவார், பக்கத்தில் மூன்று கல் அடுப்பில் பழைய சட்டி, எண்ணெய்க்குள் குங்கிலியப் பொடி கரைந்து கொதிக்கும், கோயிலில் மணக்கும் அதே பொருள்தான், கடற்கரையில் உப்புக்காற்றோடும் கருவாட்டோடும் சேர்ந்து வேறொரு மணமாகிவிடும், அந்த மணத்தோடு அப்பு சாப்பிட வருவார், படுக்கவும் போவார், அவருடைய போர்வையை உதறினால் அறை முழுக்க அது பரவும். ஓட்டை அடைத்த இடத்தைக் கண்ணால் பார்க்கமாட்டார், கட்டைவிரலால் தடவிக்கொண்டே முழு வள்ளத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார், விரல் நின்ற இடத்தில் மறுபடி உளி. அந்தத் துறையில் கட்டிய அன்னபூரணி என்கிற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கிக்கொள்ள, 1938இல் அது அத்திலாந்திக்கையும் கடந்து மசாசூசெற்ஸ் கரையிலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது, ஓட்டிப் போனவர்களில் எங்கள் ஊரவர்கள் இருந்தார்கள், அப்பு அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பாயைப் பற்றியோ காற்றைப் பற்றியோ பேசமாட்டார், பொருத்துகள் தாக்குப்பிடித்தன என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார். பேர்ச் பட்டை ஓடத்துக்குப் பிசின் பூசிய கிழவர் ஒருவரும் இப்படித்தான் கட்டைவிரலை ஓடவிட்டிருப்பார் என்று அந்த மரங்களுக்கிடையில் நின்று நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஊரில் இன்றைக்கு ஃபைபர் வள்ளங்கள், அவற்றுக்குக் கலப்பத்து வேண்டாம், கரையில் அந்த அடுப்பும் இல்லை.

காட்டுக்கு என்னைத் திருப்பியது ஒரு பறவை, மகள் நீட்டிய உள்ளங்கையில் சத்தமில்லாமல் வந்து இறங்கியது, சாம்பல் உடம்பு, வெள்ளை நெற்றி, கறுத்த பிடரி, காலில் வண்ண வளையங்கள், எழுபது கிராம் அளவுதான் நிறை, கனடா ஜே. உலர்ந்த திராட்சையை ஒவ்வொன்றாக எடுத்துத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு ஸ்புரூஸ் மரத்துக்குப் பறந்தது, பட்டைச் செதில் ஒன்றின் அடியில் எச்சில் ஒட்டிய உருண்டையைத் திணித்து, மேலே கொஞ்சம் மரப்பாசியைக் கொத்தி வைத்து மறைத்தது, நான்கடி தூரத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஆயிரக்கணக்கான இடங்களில் இப்படி ஒளித்து வைத்து, பெரும்பாலானவற்றை நினைவிலும் வைத்துக்கொண்டு, அந்தச் சேமிப்பை நம்பியே மார்ச் மாதத்துப் பனிக்குள் முட்டையிட்டு அடைகாக்கிறது, குஞ்சுகளுக்கும் அதில்தான் ஊட்டுகிறது. 1960களிலிருந்தே இந்தக் காட்டில் ஜேக்களுக்கு வளையமிட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறார்கள், கடந்த சில பத்தாண்டுகளில் அவற்றின் தொகை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. இலையுதிர் காலம் சூடாகி, பனி உறைவதும் உருகுவதுமாகத் தடுமாறும்போது, ஒளித்துவைத்த உணவு கெட்டுப்போகிறது, ஸ்புரூஸ் நிறைந்த இடங்களில் மட்டும் ஜேக்கள் ஓரளவு நிலைத்திருக்கின்றன, அந்தப் பட்டையில் வைத்தது வேறு சில மரங்களில் வைத்ததைவிட நன்றாக இருப்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள், பிசினுக்கு அதில் பங்கிருக்கலாம் என்று எண்ணுகிறார்கள். வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லும்போது குரல் தாழ்த்தவில்லை, பறவையைப் பார்த்தபடியே சொன்னாள்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரிகளில் குளிர் எனக்குப் பகையாகத்தான் இருந்தது, விடியப்புறம் பஸ் தரிப்பில் ஈரச் சப்பாத்தோடு நின்றவர்கள் எவரும் பனியை அழகென்று சொல்லி நான் கேட்டதில்லை, குறைந்தால் போதும் என்று எல்லாரும் வேண்டினோம், குறைந்துகொண்டு வருகிறது. இந்த முறை ஒக்ரோபரில் மெல்லிய சட்டையோடு நடமாடக்கூடிய சூடு, ஸ்காபரோ கடைத்தொகுதியில் நாங்கள் கூடும் கோப்பிக் கடையின் வெளி மேசையில், பருத்தித்துறைக்காரப் பெரியவர் ஒருவர் வெயிலுக்கு முகத்தைக் கொடுத்தபடி, இப்படியே தைப்பொங்கல் மட்டும் போனால் நல்லது என்றார். எனக்கு அதற்குத் தலையாட்ட வரவில்லை, ஜேக்களைப் பற்றி, பட்டைக்கடியில் இப்போது புளித்துக்கொண்டிருக்கும் பழங்களைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் கோப்பியை வைத்துவிட்டுக் கேட்டார், கேட்டு முடிந்ததும் தன் தாயார் பனங்கிழங்கு ஒடியலை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றி வைத்ததையும், மார்கழி மழையில் ஈரம் ஏறிவிட்டால், மழை விட்டு வெயில் கண்ட உடனே, வீட்டில் யார் படுத்திருந்தாலும் எழுப்பி, பாய் விரித்து எல்லாவற்றையும் திரும்பக் காயவைத்ததையும் சொல்லத் தொடங்கினார். "அந்தக் குருவியளுக்கு ஆர் எடுத்துக் காயவைக்கிறது?" என்று கேட்டார், பிறகு அந்த இடத்துக்கு எப்படிப் போவது, முழங்கால் நோவுள்ளவர்கள் நடக்கக்கூடிய பாதையா என்று விசாரித்தார், மாசி மாதம் மகளின் காரில் அவரையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.