ஓரத்துக்கு ஓடும் காபி

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலில் அம்மா கேட்கும் கேள்வி மாறுவதே இல்லை. "அங்க போய் அப்படி என்னதான்டி பண்றே?"

அமெரிக்காவில் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்யும் மகள், "பிரின்ட் பண்றேம்மா" என்பாள். "அதுக்கு நம்ம தெருவிலேயே ஜெராக்ஸ் கடை இருக்கே!" என்று அம்மா சிரிப்பார். மகளும் சிரிப்பாள். ஆனால், போனை வைத்ததும் மனசு கனக்கும். வளையலை அடகு வைத்து அனுப்பிய அம்மாவுக்கு, தன் வேலையைப் புரியவைக்கத் தெரியவில்லையே!

அவள் அச்சடிப்பது பிளாஸ்டிக் தாளில். மையில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள். இங்க்ஜெட் பிரின்டர் துளித்துளியாகக் கோடு போடும். ஒரு துளி சில பிகோலிட்டர்தான். லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு பிகோலிட்டர். காய்ந்த கோட்டைச் சூடாக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மின்சாரம் பாயும். வளையும் சர்க்யூட், உடலில் ஒட்டும் சென்சார் எல்லாம் இப்படித் தயாராகின்றன.

அந்த வாரம் அவள் போட்ட கோடுகள் ஓரத்தில் தடித்து, நடுவில் மெலிந்து பாழாகியிருந்தன. பேசவே மனமில்லை. மேஜையைத் துடைத்தபடி அம்மா சலித்துக்கொண்டார். "காபி சிந்தினா நடுவுல ஒண்ணுமில்ல. ஓரத்துல மட்டும் அப்பிக்குது பாரு!"

"அம்மா... என் பிரச்னையே அதுதான்!"

1997-ல் சிகாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதற்குக் காரணம் சொன்னார்கள். துளியின் விளிம்பு, இருக்கும் இடத்தை விட்டு நகராது. அங்கேதான் நீர் வேகமாக ஆவியாகும். அதை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓடிவரும் நீர், துகள்களையும் இழுத்து வரும். 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், உருண்டைத் துகள்களுக்குப் பதில் நீள்வட்டத் துகள்களைப் போட்டபோது வட்டம் விழவில்லை.

"நீ என்ன பண்ணப்போறே?"

"தண்ணியோட எத்திலீன் கிளைக்கால் கலக்கப்போறேம்மா. தண்ணி சீக்கிரம் ஆவியாகிடும், இது ஓரத்துல தங்கிடும். அப்போ துளியோட மேற்பரப்பு உள்பக்கமா இழுபடும். துகளும் நடுவுக்குத் திரும்பும்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "பந்தியில கடைசி இலை வரைக்கும் சமமா பரிமாறுற மாதிரி. அவ்வளவுதானே?"

நான்கு வருடத்தில் யாரும் இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு கேள்வி மாறியிருந்தது. "என்னடி, நடுவுல நின்னுச்சா?"

"பாதிக் கோடு நின்னுடுச்சும்மா" என்று பிளாஸ்டிக் தாளை கேமரா முன் தூக்கிக் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.