துவாயைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஜப்பானுக்கு ரிக்கெற் எடுத்துவிட்டேன் என்று சொன்னதும் என் சிநேகிதிகள் கேட்ட முதல் கேள்வி ராமென் பற்றியது இல்லை. "ஒன்சென் போவியா? உடுப்பு ஒண்டும் இல்லாமலா?" என்பதுதான். ஓம், ஒன்றும் இல்லாமல்தான். நீச்சல் உடையோடு இறங்க அநேகமான இடங்களில் விடமாட்டார்கள். உங்களில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே பக்கத்தை மூடப் பார்ப்பீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

மெல்பேணில் வளர்ந்த எங்களுக்கு வெந்நீர் ஊற்று என்றால் மோர்னிங்ரன் குடாநாட்டில் இருக்கும் பெனின்சுலா ஹொட் ஸ்பிரிங்ஸ்தான். ஸ்பிரிங்வேலில் இருந்து காரில் ஒரு மணித்தியாலம். 2005இல் திறந்தது. 600 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் இருந்து சுடுதண்ணீரை மேலே எடுத்துத் தொட்டிகளில் விடுகிறார்கள். அங்கே எல்லோருக்கும் நீச்சல் உடை. அதைத் தொடங்கியவருக்கு அந்த எண்ணம் வந்தது ஜப்பானில் குசற்சு என்ற மலையூரில் குளித்த பிறகு. நான் போனதும் அதே குசற்சுவுக்குத்தான். கூட வந்தது அம்மா.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு வருசத்துக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தார்கள். 50 வயது தாண்டிய பெண்களுக்கு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை பிரெஸ்ற்ஸ்கிரீன் கடிதம் அனுப்புமே, அந்த இலவசப் பரிசோதனையில்தான் பிடிபட்டது. (உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் அந்தக் கடிதம் தொங்கிக்கொண்டிருக்கலாம். போய்ப் பாருங்கள்.) ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியது நான். ரிப்போர்ட்டை வாசித்து விளங்கப்படுத்தியதும் நான். ஆனால் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. கோயிலில் விசாரித்தவர்களுக்கு "கொஞ்சம் பிரஷர்". கனடாவில் இருக்கும் அவரின் சொந்தத் தங்கச்சிக்கும் அதே பிரஷர்தான். வீட்டுக்குள்ளும் அறைக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். அந்தக் காயத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அதனால் ஒன்சென் என்றதும் நான் மாற்று வழிகளைத்தான் முதலில் தேடினேன். குடும்பமாக ஒரு மணித்தியாலத்துக்குத் தனிக் குளியலறை வாடகைக்கு எடுக்கலாம். மார்பில் சத்திரசிகிச்சை செய்த பெண்கள் மூடிக்கொண்டு குளிக்கவென்றே ஜப்பானில் ஒரு மெல்லிய உடுப்பு இருக்கிறது. பல குளியல் இடங்களில் அதை அனுமதிக்கிறார்கள். இரண்டையும் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கை எங்களைத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை அம்மா."

"பிறகென்ன?"

ஸ்பிரிங்வேல் மார்க்கெற்றுக்கு மீன் வாங்கப் போனாலே தெரிந்தவர்கள் மூன்று பேரைக் காண்கிற மனுசி அவர். அந்தக் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் எந்தச் சுடுதண்ணீரையும் ஒன்சென் என்று சொல்லிவிட முடியாது. அதற்கென்று 1948இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள்: ஊற்றில் 25 பாகை செல்சியஸாவது இருக்கவேண்டும், அல்லது சட்டம் சொல்லும் 19 பொருட்களில் ஒன்றாவது குறித்த அளவு இருக்கவேண்டும். குசற்சுத் தண்ணீர் தேசிக்காய்ப் புளிபோல அமிலம் கூடியது. ஊர் முழுக்கக் கந்தக மணம். நடு ஊரிலேயே தண்ணீர் ஆவி பறக்க மரத் தவாளிப்புகளில் ஓடி ஆறுகிறது. பச்சைத்தண்ணீர் கலந்தால் ஊற்றின் குணம் போய்விடும் என்று நீளப் பலகைகளால் துளாவி ஆற்றுவதும் அங்கே பழைய வழக்கம். வெள்ளி நகை கறுத்துவிடும், கழற்றுங்கள். அம்மாவின் தாலிக்கொடிக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்க, "ஒப்பரேசனுக்கே கழட்டினது, இதுக்கென்ன" என்று கழற்றிப் பைக்குள் வைத்தார்.

பச்சை குத்தியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யகுசா நினைப்பில் இன்னும் பல இடங்களில் விடமாட்டார்கள். 2013இல் ஹொக்கைடோவில் முகத்தில் மரபுச் சின்னம் குத்திய மாவோரிப் பெண்மணி ஒருவரையே திருப்பி அனுப்பினார்கள். உங்கள் தோளில் இருக்கும் 'அ' அழகுதான், ஆனால் முதலே கேட்டுவிட்டுப் போங்கள். சின்னதென்றால் ஒட்டி மறைக்கச் சில இடங்களில் விடுவார்கள்.

எங்கள் விடுதியில் பெண்கள் பக்கத்துக்குச் சிவப்புத் திரை. உள்ளே உடுப்பைக் கூடையில் போட்டுவிட்டு, சின்னக் கதிரையில் இருந்து சோப் போட்டு முழுதாகக் கழுவவேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும்தான். தலைமயிரைக் கட்டுங்கள். சின்னத் துவாய் தண்ணீரில் படக்கூடாது, தலையில் மடித்து வையுங்கள்.

நான்தான் துவாயை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன். அம்மா கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு நாலு பேருக்கு முன்னால் குளித்து வளர்ந்தவர். பூட்டிய பாத்ரூமில் வளர்ந்தது நான். கதிரையில் இருந்தபடி அவர் திரும்பினார். கக்கத்தில் இருந்து நெஞ்சின் நடுவரை ஒரு கோடு. நான் மனதுக்குள் வைத்திருந்ததைவிடச் சின்னது.

"பாத்திட்டியோ?"

"ஓம்."

"சரி, முதுகைத் தேய்."

உள்ளே ஐந்தாறு பாட்டிமார். ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் பக்கத்துத் தொட்டியைக் காட்டிக் கையை உதறினார்: அது சூடு கூட. இறங்குவதற்கு முன் தலையில் வெந்நீரை அள்ளி அள்ளி ஊற்றுவது குசற்சு வழக்கம், தலை சுற்றாமல் இருக்க. அம்மா மரவாளியால் மூன்றாவது தடவை ஊற்றியபோது சொன்னார், "கன்னியா மாதிரி."

கன்னியா அம்மாவின் திருகோணமலையில் இருக்கிறது. ஏழு சின்னக் கிணறுகள், பக்கத்துப் பக்கத்தில், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இறங்க முடியாது, வாளியால் அள்ளித்தான் ஊற்றவேண்டும். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்தி எடுத்த தண்ணீர் என்பது கதை. அதனால் செத்தவர்களுக்குச் செய்கிற கிரியைகளுக்கு அந்தப் பக்கத்துச் சைவர்கள் அங்கேதான் போவார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது, தன் அப்பா செத்து முப்பத்தோராம் நாள் அம்மா அங்கே நின்றது. அவருக்கு அப்போது ஒன்பது வயது. அம்மம்மா ஒவ்வொரு கிணற்றிலும் கையை விட்டுப் பார்த்து, சூடு குறைந்ததில் அள்ளி அவரின் தலையில் ஊற்றினாராம். "அண்டைக்கும் அவ எனக்குச் சூடு பாத்தவ," என்றார் அம்மா. அம்மம்மா செத்தபோது அம்மாவால் ஊருக்குப் போக முடியவில்லை. ஸ்பிரிங்வேல் வீட்டில் ஷவருக்குக் கீழே தலை முழுகினார்.

பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவேண்டாம், மயக்கம் வரும். வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். போத்தலில் குளிர்ந்த கோப்பிப் பால் கிடைத்தால் விடாதீர்கள். அம்மா இரண்டு குடித்தார்.

அன்றிரவு ஸ்காபரோவில் இருக்கும் சின்னம்மாவோடு அம்மா நெடுநேரம் கதைத்தார். நடுவில் அந்த வருத்தத்தின் பெயரை, குரலைத் தாழ்த்தாமல், சொன்னது கேட்டது. அந்தப் பக்கம் சின்னம்மா அழுதார், பிறகு பேசினார், பிறகு சமையல் குறிப்பு ஏதோ கேட்டார்.

விடிய ஆறு மணிக்கு என்னை எழுப்பியதும் அம்மாதான். துவாய் ஏற்கெனவே தோளில் இருந்தது.